பள்ளிக்கூடத்துக்கு அங்கிட்டு நின்ன எல்லைக்கல்

முதல்லயே சொல்லிடுறேன், நான் சாமி கும்பிடுறவதான், ஆனா அதிசயம்னு ஊருல சொல்றதையெல்லாம் நம்புறவ இல்ல. செவ்வா வெள்ளி வெளக்கேத்துவேன், அம்மனுக்கு வருசா வருசம் பால்குடம் எடுப்பேன், அதோட சரி. ஒரு தடவை வேப்பமரத்துல பால் வடியுதுன்னு ஊரே வேடிக்கை பாக்க ஓடுச்சு. எங்க வீட்டுக்காரர் கூப்பிட்டும் நான் போகல, மரம்னா எதாச்சும் வடியத்தான் செய்யும்னு சொல்லிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டேன். அப்படிப்பட்டவ சொல்றான்னு நெனச்சுக்கிட்டு இதப் படிங்க. நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம்.

எங்க ஊரு வல்லத்திராக்கோட்டையிலேருந்து உள்ள தள்ளிப் போகணும். ஊருக்குள்ள ஓட்டுச்சாவடி கிடையாது, பக்கத்து ஊரு பள்ளிக்கூடத்துலதான் ஓட்டு. கண்மாய்க் கரையோட போனா நடக்குற தூரம்தான், அதுல ஒண்ணும் சிரமமில்ல. ஆனா அந்தத் தேர்தல் நாள் எங்க அம்மன் திருவிழாவுக்குள்ள வந்து மாட்டிக்கிச்சு.

திருவிழாவுக்கு வீட்டுக்கு ஒரு பொம்பள காப்புக் கட்டுவோம். மஞ்சள் வச்ச கயிறுதான், கையில கட்டுறது. கட்டிட்டா அவுக்குற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, தாண்டுனா எதுக்காக வேண்டிக்கிட்டோமோ அதுல சாமி கை வச்சிரும்னு பேச்சு. எல்லைன்னா எதுன்னு யாருக்கும் சந்தேகமே கிடையாது. கண்மாய்க் கரை எறங்குற எடத்துல இடுப்பு ஒசரத்துக்கு ஒரு கருங்கல் நட்டிருக்கும், ஒரு பக்கம் சூலம் செதுக்கியிருக்கும், சூலம் வெளியூர்ப் பாதையைப் பாத்துத்தான் நிக்கும். திருவிழா முடியிற வரைக்கும் தெனம் ஒரு வீட்டு முறை, விடிஞ்சதும் அதுக்கு மஞ்சத்தண்ணி ஊத்திப் பொட்டு வச்சுட்டு வரணும். பள்ளிக்கூடம் அந்தக் கல்லுக்கு அங்கிட்டு.

எம் மக கவிதாவுக்காகத்தான் நான் அந்த வருசம் காப்புக் கட்டுனேன். ரெண்டு தடவ தங்காமப் போயி மூணாவதா தங்குன கரு, ஒம்போதாவது மாசம், எங்க வீட்டுலதான் இருந்துச்சு. படுக்கையில பொரண்டு படுத்தாக் கூட நான் எந்திரிச்சு உக்காந்து பாப்பேன்.

இன்னொரு பக்கம் அங்கன்வாடி டீச்சர். எல்லாரும் ஓட்டுப் போடணும்னு சர்க்கார்ல சொல்லிவிட்ட வேலையை எங்க ஊருல அந்தப் பிள்ளைதான் பாத்துச்சு. கோலம் போட்டோம், உறுதிமொழி எடுத்தோம், அட்டையைப் பிடிச்சுக்கிட்டு வீடு வீடாப் போனோம், முன்னாடி போனவ நான்தான். தேர்தல் தேதியப் பாத்ததும் டீச்சர் என் வாசல்ல வந்து நின்னுச்சு.

"அக்கா, நீங்க வந்தா ஒங்க பின்னாடியே எல்லாரும் வந்துருவாங்க. நீங்க நின்னுட்டீங்கன்னா ஒருத்தரும் வரமாட்டாங்க."

"வாரேன்னு சொல்லத்தான் ஆசை டீச்சர். உள்ள ஒருத்தி படுத்துக் கெடக்காளே."

டீச்சர் கவிதாவப் பாத்துச்சு, அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல. அது கேக்காமப் போனதுதான் எனக்கு மனசக் குடைஞ்சுச்சு.

எங்க வீட்டுக்காரர் ஒரே வார்த்தைல முடிச்சுட்டார். "ஓட்டு அஞ்சு வருசத்துல திரும்ப வரும். பிள்ள வருமா?"

என் கொழுந்தன் முருகேசன் சும்மா இருப்பானா? "என்ன மதினி, என் தூக்கத்தையும் கெடுத்து ஒரு வெரல் புரட்சின்னு கத்துனீங்க, இப்ப ஒரு கயித்தக் காட்டிட்டு உக்காந்துட்டீங்க? கத்துன தொண்டைக்காவது ஒரு சோடா வாங்கிக் குடுத்திருப்பேனே!" அவம் பொண்டாட்டி மல்லிகாவும் காப்புக் கட்டியிருந்தா, "நீ போயி ஒழுங்கா ஓட்டப் போடு, அது போதும்"னு அவன வெரட்டி விட்டா.

ஓட்டு நாளன்னைக்குக் கல்லுக்குத் தண்ணி ஊத்துறது எங்க வீட்டு முறை. அதனால முந்தின நாள் பொழுது சாயறப்பவே போயி அந்த எடத்தக் கூட்டி, அரளிப்பூ மாலை ஒண்ணு கட்டிப் போட்டேன். நாரு பத்தலைன்னு பழைய நீலச் சேலைக் கரையைக் கிழிச்சு முடிச்சுப் போட்டிருந்தேன், அத ஞாபகம் வச்சுக்கங்க. அந்நேரம்தான் ஓட்டு மிஷின் ஏத்துன வேன் என்னத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்குப் போச்சு. துப்பாக்கி வச்சுக்கிட்டு ஒரு போலீஸ்கார தம்பி சன்னலோரம் உக்காந்திருந்துச்சு. வேன் போனப்பறமும் நான் அங்கேயேதான் நின்னேன். நல்லா இருட்டுற வரைக்கும் கல்லு மேல கைய வச்சுக்கிட்டு, "ஆத்தா, போகாதன்னா போகல. ஆனா அந்த டீச்சர் பிள்ள மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது, நீயே சொல்லு"ன்னு கேட்டுக்கிட்டு நின்னேன். கல்லு என்ன சொல்லும், வீட்டுக்கு வந்துட்டேன்.

விடிஞ்சதும் மஞ்சத்தண்ணிக் கொடத்தோட நானும் மல்லிகாவும் போனோம். கல்லக் காணோம்.

எடம் மாறி வந்துட்டமோன்னு திரும்பி ஒரு தடவ பாத்தேன், நான் கூட்டுன வெளக்குமாத்துக் கீத்து தரையில அப்படியே இருக்கு. கல்லு நின்ன எடத்துல குழி இல்ல. தோண்டுன மண்ணு இல்ல, வண்டித் தடம் இல்ல, காஞ்ச அருகம்புல்லு படர்ந்து கெடக்கு, அது மேல எறும்பு சாரை போகுது. என்னைக்குமே அங்க ஒரு கல்லு இருந்ததில்லேங்கிற மாதிரி. மல்லிகா போட்ட சத்தத்துல ஊரே வந்துருச்சு. பூசாரி மாமாவும் வந்தார்.

அந்நேரம் முருகேசன் அங்கிட்டிருந்து வண்டில வர்றான், மொத ஆளா ஓட்டுப் போடப் போனவன் போடாமலே திரும்பி. மூஞ்சி வெளுத்துப் போயிருக்கு. "மதினி... கல்லு பள்ளிக்கூடத்துக்கு அங்கிட்டு நிக்குது."

எல்லாரும் அவனத்தான் பிடிச்சோம். "ஒன் வேலைதானடா? எத்தன பேரச் சேத்துக்கிட்டுப் பண்ணுன?"ன்னு எங்க வீட்டுக்காரர் கையோங்கிட்டார். "ஏண்ணே, என் வண்டில கேஸ் சிலிண்டர் ஏத்துனாலே சாஞ்சிருது, இதையா ஏத்திருப்பேன்?"னு அவன் அழாத குறை. பின்னாடி கோயில்ல கையில சூடம் ஏத்திச் சத்தியமும் பண்ணிட்டான்.

பூசாரி மாமா கூட்டத்த வெலக்கிட்டு முன்னாடி வந்தார். கல்லு இருந்த எடத்துல உக்காந்து அந்தப் புல்லத் தடவித் தடவிப் பாத்தார். அப்பறம் எந்திரிச்சு, "கல்லு எங்க நிக்குதோ அதுதான் எல்லை. ஆத்தாவே அங்க போயி நிக்கிறா, நீங்க என்னத்துக்கு இங்க நிக்கிறீங்க?"ன்னார்.

நான் எங்க வீட்டுக்காரரைப் பாத்தேன். அவர், "தண்ணி ஊத்துறது நம்ம வீட்டு முறைல்ல, போ"ன்னார். கொடத்த இடுப்புல வச்சுக்கிட்டு நான் முன்னாடி நடந்தேன். புல்லு கெடந்த அந்த எடத்தக் கவிதா பேரச் சொல்லிக்கிட்டேதான் தாண்டுனேன், பொய் சொல்லல. எனக்குப் பின்னாடி காப்புக் கட்டுன பொம்பளைங்க எல்லாம் மஞ்சச் சேலையா வரிசை வந்தாங்க. பள்ளிக்கூட வாசல்ல ஒரு கட்சி ஏஜென்டு, "எல்லாரும் ஒரே கலர்ல வர்றாங்களே, இது பிரச்சாரத்துல வராதா சார்?"னு கேட்டார். ஆபீசர், "சாமி கும்பிடுற கலருக்கெல்லாம் கேசு போட முடியாதுங்க, உள்ள போயி உக்காருங்க"ன்னு சொல்லிட்டார். டீச்சர் எங்களப் பாத்துட்டு ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கிச்சு.

மொதல்ல கல்லுக்கிட்டதான் போனேன். பள்ளிக்கூடத்துப் பின்சுவரத் தாண்டி ஒரு வேப்பமரம், அந்த மரத்து வேரு கல்லச் சுத்திப் பிடிச்சிருக்கு. நான் போட்ட மாலை கழுத்துல கெடக்கு, நீலக் கரை முடிச்சோட, ஒரு பூ வாடல.

காவலுக்கு நின்னது அந்த வேன் தம்பிதான். தென்காசிப் பக்கத்து ஆளு, எங்க ஊரு வழக்கமெல்லாம் அதுக்கு என்ன தெரியும். "ராத்திரி இங்க யாரும் வந்தாங்களா தம்பி?"ன்னு கேட்டேன்.

"மிஷின் உள்ள இருக்குக்கா, நான் கண்ண மூடல. ஒரு நாயக் கூட விடல."

"அப்ப இந்தக் கல்லு எப்ப வந்துச்சு?"

தம்பி என்ன ஒரு மாதிரியாப் பாத்துச்சு. "கல்லு எங்கிட்டிருந்துக்கா வரும்? நான் நேத்து வந்து எறங்குனப்பவே இங்கதான நின்னுச்சு. எறங்குன ஒடனே அடிபம்புல குளிச்சிட்டு துண்ட இதுல காயப் போட்டேன், இன்னும் வெளிச்சம் கூடப் போகல. மஞ்சளப் பாத்துட்டு, அடடா சாமிக் கல்லுன்னு கன்னத்துல போட்டுக்கிட்டு எடுத்துட்டேன்."

துண்டக் கொண்டாந்து காட்டுச்சு. வெள்ளைத் துண்டு, அதுல அகலமா மஞ்சக் கறை. அந்நேரம் அதே கல்லு மேல கைய வச்சுக்கிட்டு நான் கண்மாய்க் கரையில நின்னுக்கிட்டிருந்தேன். என் கையில ஒட்டுன மஞ்சளும் போகாமத்தான் இருந்துச்சு. அந்தத் தம்பி பொய் சொல்ல என்ன இருக்கு? நான் பொய் சொல்ல என்ன இருக்கு?

தண்ணிய ஊத்திப் பொட்டு வச்சுட்டு ஓட்டுப் போடப் போனேன். வெரல்ல மை வச்ச அம்மா என் கையில காப்பப் பாத்துட்டு, அது மேல படாமப் பதனமா வச்சாங்க. மறைப்புக்குள்ள போனேன். பின்சுவத்துச் சன்னல் வழியா யாரும் எட்டிப் பாத்துறக் கூடாதுன்னு கெட்டியா அட்டை வச்சு அடைச்சிருந்தாங்க. பட்டனை அமுக்குனேன், கண்ணாடிக்குள்ள சீட்டுல சின்னம் தெரிஞ்சு விழுந்துச்சு, பீப்புன்னு சத்தம் கேட்டுச்சு. வெளிய வந்து மல்லிகா கையப் பிடிச்சுக்கிட்டேன்.

காப்பு அவுத்ததுக்கு மறுநாளே கவிதாவுக்கு வலி வந்துச்சு. சுகப்பிரசவம், பொம்பளப் பிள்ள. அதத் தூக்குனப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு.

அதுக்கப்பறம் கல்லத் திரும்பக் கொண்டாரலாம்னு ஆம்பளைங்க கடப்பாரையோட போனாங்க. கடப்பாரைதான் வளைஞ்சுச்சு. பூசாரி மாமா விட்டுருங்கன்னுட்டார். பக்கத்து ஊர்க்காரங்க, "இப்ப எங்க தெருவுல பாதி ஒங்க எல்லைக்குள்ள வந்துருச்சே, நாங்களும் காப்புக் கட்டணுமா?"ன்னு கேட்டு வந்தாங்க. கட்டவும் செய்றாங்க.

யாருக்கு ஓட்டுப் போட்டன்னு எங்க வீட்டுக்காரர் இன்னிக்கு வரைக்கும் கேட்டுப் பாக்குறார். நான் சொன்னதில்ல, அது யாருக்கும் தெரியக் கூடாததுன்னு டீச்சர் சொல்லிக் குடுத்திருக்கு. ஆனா ஒண்ணு. அன்னைக்கு வெளிய வந்து திரும்பக் கல்லுக்கிட்ட போயி நிக்கிறப்பதான் நான் கவனிச்சேன். பாதையப் பாத்து நிக்க வேண்டிய சூலம், அட்டை வச்சு அடைச்ச அந்தச் சன்னலுக்கு நேரா நிக்குது. இப்ப அட்டையெல்லாம் எடுத்துட்டாங்க, உள்ள பிள்ளைங்க படிக்கிறது தெரியும். சூலம் மட்டும் இன்னும் அதத்தான் பாத்துக்கிட்டு நிக்குது. ஒவ்வொரு திருவிழாவுக்கும் எங்க வீட்டு முறை வர்றப்ப நான்தான் போயி மஞ்சத்தண்ணி ஊத்துறேன், ஆனா சூலத்துக்கும் சன்னலுக்கும் நடுவுல, ஆத்தா பார்வையில நின்னு ஊத்த இன்னும் எனக்கு மனசு வரல, பின்னாடி நின்னுதான் ஊத்திட்டு வாரேன்.