சரிவில் நிறுத்திய தண்ணீர்

அந்த முறம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒக்கலிபுரத்து மேட்டுச் சரிவில் நாங்கள் குடியிருந்த வீட்டு வாசலில், கீழ்வீட்டுக் கன்னடத்து அம்மா அது நிறையச் செஞ்சேற்றைக் கொண்டுவந்து கவிழ்த்தார். "ஏனம்மா, இது உங்க தோட்டத்து மண்ணுதானே? எங்க அடுப்புக்குள்ள கிடந்துச்சு. வச்சிக்கோங்க" என்றார். இரண்டு வீட்டுக்கும் சொந்தக்காரர் ஒருவரே. அடுத்த மழையிலும் சேறு வந்தால் அவரிடம் சொல்லி எங்களைக் காலி செய்ய வைப்பேன் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அக்காவின் கணவரை நான் மாமா என்பேன். தங்கவயல் சுரங்கத்தில் இருந்தவர். மூச்சிரைப்பு வந்ததும் பெங்களூருக்கு வந்து ஒரு ஆலையில் காவல் வேலைக்குச் சேர்ந்தார். நானும் அங்கே நூல் சுற்றிக்கொண்டு அவர்களோடு தங்கியிருந்தேன். வீட்டுக்குக் கீழே சும்மா கிடந்த சரிவை ஐந்து படிகளாக வெட்டி, கல் அடுக்கி, கத்தரியும் அவரையும் போட்டவர் மாமாதான். கல்கட்டில் ஒரு குறையும் இல்லை. பிறகு மண் ஏன் போனது என்று எங்களுக்கு விளங்கவேயில்லை.

விளங்கவைத்தது அக்கா. சாப்பாட்டுத் தட்டில் தண்ணீர் ஊற்றி இரண்டாம் படியில் வைத்தாள். தண்ணீர் பள்ளத்துப் பக்கமாக ஒதுங்கி வழிந்தது. எல்லாப் படியிலும் அப்படியே. "இன்னாய்யா, பாத்தியா? சுரங்கத்துல இருபது வருஷம் தண்ணிய வெளிய தொரத்தியே உன் கை பழகிப்போச்சி. இங்கயும் தொரத்தி வுட்டிருக்க. தோட்டத்துக்கு வந்த தண்ணிய வா, குந்துன்னு சொல்லணும்யா."

மறுநாள் விடிந்ததும் மாமா கடப்பாரையோடு இறங்கி, தான் கட்டியதைத் தானே பிரித்தார். பத்துக் கல் தூக்கினால் உட்கார்ந்து மூச்சு வாங்குவார். "வுடு மாமா, ஆள் வெச்சிக்கலாம்" என்றால், "தப்பு பண்ணது என் கை. அதுவே திருத்தட்டும்" என்பார். அந்தக் குளிர்காலம் முழுக்க வேலைக்குப் போகுமுன் இதே பாடு. படிகளை மேட்டுப் பக்கமாகச் சற்றே சாய்த்து, அங்கே முழ ஆழத்தில் கால்வாய் வெட்டினோம். தட்டை வைத்துப் பார்த்த பிறகே அக்கா ஒவ்வொரு படிக்கும் தலையாட்டினாள்.

கோடை மழை ஒரு மத்தியானம் வந்தது. மூவரும் நனைந்தபடி நின்றோம். முதல் கால்வாய் நிறைந்தது, பிறகு அடுத்தது. கடைசிக் கல்கட்டைத் தாண்டி ஒரு பிடி மண் இறங்கவில்லை. மழை விட்டதும் கீழ்வீட்டு அம்மா ஏறி வந்து, தளும்பி நின்ற கால்வாய்களைப் பார்த்தார். "மண்ணு வேணாம்னுதானே சொன்னேன்? தண்ணியுமா புடிச்சி வைக்கணும்? என் வாழைக்கு ஒரு வாய் விடக்கூடாதா?"

காலி செய்யும் பேச்சு அதோடு ஒழிந்தது. இப்போது அந்தச் சரிவில் மாடி வீடுகள்; மழைத்தண்ணீர் குழாயில் விழுந்து நேரே தெருவுக்கு ஓடுகிறது. அன்று மாமா இரைப்பும் சிரிப்புமாகக் குனிந்து, கடைசிப் படியின் கால்வாய் முனையில் ஒரே ஒரு கல்லை உருவினார். தெளிந்த தண்ணீர் வாழையைப் பார்த்து இறங்கியது. "மெதுவா போ" என்று அதனிடம் சொன்னார்.