லாரி வரும் தேதியும் சிவப்புப் புள்ளியும்

மூடித் தொழிற்சாலையில் அவளுக்கு ‘ஏன் அக்கா’ என்றுதான் பெயர். மணிக்கு ஒருமுறை இயந்திரத்திலிருந்து ஐந்து பாட்டில் மூடிகளை எடுத்துத் திருகிப் பார்த்து, அளந்து, தாளில் குறிப்பது அவள் வேலை. ஒரு மூடி கோணலாக விழுந்தால் மற்றவர்கள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போவார்கள். அவள் மட்டும், “ஏன் இப்படி விழுந்துச்சு?” என்று மெக்கானிக்கைப் பிடித்துக் குடைந்தெடுப்பாள். பதினெட்டு வருடம் குடைந்ததில் பெயர் ஒட்டிக்கொண்டது.

முதல் கணவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம் கழித்து, நாற்பத்தொரு வயதில், ஒரு லாரி ஓட்டுநரை மணந்துகொண்டாள். பன்னிரண்டு நாள் சாலை, மூன்று நாள் வீடு என்று அவர் பிழைப்பு. ஆள் ஆறடி, குரல் என்னவோ பக்கத்து அறைக்குக்கூட எட்டாது.

கல்யாணமான மூன்றாம் மாதம் அவளுக்கு ஒரு விஷயம் உறைத்தது. அவர் வீட்டுக்கு வந்த மறுநாளே மாதவிடாய் வந்துவிடுகிறது. மூடிக்குள் அட்டை ஒட்டும் பிரிவில் இருந்த தோழியிடம் சொன்னாள்.

“உன் வீட்டுக்காரர் ஹாரன் சத்தம் கேட்டதும் அதுவும் கிளம்பிடுதுடி!” என்று தோழி விழுந்து விழுந்து சிரித்தாள்.

சிரிப்பு அடங்கியும் கேள்வி அடங்கவில்லை. ஏன் அக்கா சுவர்க் காலண்டரைக் கழற்றி அலமாரிக்குள் மாட்டினாள். அவர் வரும் நாளுக்கு நீலம், இருவரும் சேர்ந்த நாளுக்குப் பச்சை, உதிரம் பட்ட நாளுக்குச் சிவப்பு. எட்டு மாதம் விடாமல் குறித்தாள். எட்டில் ஐந்து தடவை சிவப்பு வந்து நீலத்தை ஒட்டியே நின்றது. அந்த நாட்களில் அவர்கள் விலகிப் படுத்ததில்லை. அப்படிச் சேர்ந்த மாதங்களில் முதல் நாள் கொஞ்சம் அதிகமாகப் போய், ஆறு நாள் சமாசாரம் நான்கிலேயே முடிந்தது. இடுப்புவலியும் குறைந்த மாதிரி இருந்தது.

அப்புறம் கணக்குக்குள் அடங்காத சிவப்பு ஒன்று வந்தது. மாதத்தின் நடுவில், சேர்ந்த மறுகணமே, விரிப்பில் இரண்டு சொட்டு. அடுத்த முறையும் அதேபோல. அவரும் அதைப் பார்த்தார். அதற்கடுத்த முறை வந்தபோது முதுகுவலி என்று கூடத்தில் பாயை விரித்துக்கொண்டார்.

அவர் வண்டியேறியதும் இவள் காலண்டர் தாள்களைச் சுருட்டிக்கொண்டு மகப்பேறு மருத்துவரிடம் போனாள். மருத்துவர் தாள்களை மேசையில் பரப்பி, கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“யார் போட்டது இதெல்லாம்?”

“நான்தான் மேடம். ஏன், தப்பா?”

“இங்க வர்றவங்க போன மாசத் தேதியைக் கேட்டாலே கூரையைப் பார்ப்பாங்கம்மா. நீங்க முக்கால் வருஷத்தையே கொண்டு வந்திருக்கீங்க.”

“அவர் வந்தா ஏன் மேடம் இது வருது?”

“கர்ப்பப்பையும் ஒரு தசைதான். இன்பம் உச்சிக்குப் போறப்ப அது சுருங்கி விரியும். உள்ளே எல்லாம் உதிரத் தயாரா இருந்தா, கொஞ்சம் முன்கூட்டியே ஆரம்பிக்கலாம். ஏற்கனவே போயிட்டிருந்தா வேகமா வெளியேறும். அதனால சீக்கிரம் முடிஞ்ச மாதிரி தெரியலாம். சிலருக்கு வலியும் குறையும். எல்லாருக்கும் அப்படின்னு சொல்ல முடியாது.”

“தயாரா இல்லேன்னா?”

“அவர் தலைகீழா நின்னாலும் வராது. அவர் வர்றது பதினஞ்சு நாளுக்கு ஒரு தடவை, உங்களுக்கு முப்பது நாளுக்கு ஒரு தடவை. ரெண்டும் சந்திச்சுக்காம எங்க போகும்? இதுல பாதி, காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.” நடுமாதத்துப் புள்ளிகள் மேல் மருத்துவரின் விரல் நின்றது. “ஆனா இது அந்தக் கதை இல்லை. சேர்ந்ததும் ரத்தம் பட்டா அதை மாதவிடாய்க் கணக்குல சேர்க்கக் கூடாது. என்னன்னு பார்த்துடணும். படுங்க.”

கர்ப்பப்பை வாயில் மிளகளவு சதை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. பட்டால் கசியும் ரகம். அங்கேயே எடுத்தார், பரிசோதனைக்கு அனுப்ப ஒரு குப்பியில் போட்டார். ஏன் அக்கா கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இத்தனூண்டு சதையா இவ்வளவு பெரிய மனுஷரைக் கூடத்துக்கு விரட்டியது!

முடிவு வர ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் அவள் தோழியிடம்கூடச் சரியாகப் பேசவில்லை. கெட்டது ஒன்றுமில்லை என்று தெரிந்த நாளில் கணவரும் வீடு திரும்பியிருந்தார். சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து முழுவதையும் சொன்னாள்.

அவர் பிசைந்த சோற்றை ஓரமாக ஒதுக்கினார். “நான்தான் முரட்டுத்தனமா நடந்து உன்னைக் காயப்படுத்திட்டேன்னு நினைச்சேன்.”

“அதை ஏன் என்கிட்ட கேக்கல?”

“வாய் வரல.”

“அதுக்கு முதுகுவலியா?”

அவர் சிரித்தார், சாப்பிடவும் ஆரம்பித்தார்.

அடுத்த பயணத்தில் ஏதோ ஒரு சாலையோரக் கடையிலிருந்து அவர் போன் செய்தார். கூட வண்டி ஓட்டுபவர் மனைவிக்கும் இதே மாதிரி ரத்தம் படுகிறதாம்; மூன்று மாதமாக இருவருமே வெளியே சொல்லவில்லையாம். “இவன் உன்கிட்ட பேசணும்கிறான், ஆனா கூச்சப்படறான்.”

“கூச்சத்தை அங்கேயே இறக்கி வச்சுட்டுப் போனைக் கொடுக்கச் சொல்லுங்க,” என்றாள். பிறகு, “தம்பி, அவளுக்கு முதல்ல எப்ப ஆரம்பிச்சுது? தேதி சொல்லுங்க,” என்று பேனாவைத் தேடினாள்.