பேனர் எழுத வந்த தம்பி

முத்தாத்தாள் பெரியநாயக்கன்பாளையத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தாள். தோட்டத்துக் கவுண்டர் வீட்டுப் பெண். போலியோ வந்த வலது காலில் இரும்புப் பட்டை, கக்கத்தில் ஒரு கட்டை. கால்தான் இழுத்துக்கொண்டதே தவிர வாய் நன்றாக ஓடும். மெட்ராஸுக்குப் போன் பேச வந்தவனை நிறுத்திவைத்து, ஊனமுற்றோருக்கு வந்திருக்கும் புதுச் சட்டத்தைப் பற்றிப் பாடம் நடத்துவாள். அந்தச் சட்டம் தந்த தெம்பில்தான் தொண்ணூற்றேழில் வட்டாரத்து ஆட்களைத் திரட்டிச் சங்கம் ஆரம்பித்தாள். செயலாளரும் அவளே.

முதல் சண்டையே பஸ் பாஸுக்குத்தான். நடக்க முடியாதவர்களுக்குப் பாஸ் கொடுக்கும் அலுவலகத்தை மாடியில் வைத்த புண்ணியவான் யாரென்று யாருக்கும் தெரியாது. போனால் படியில் தவழ்ந்து ஏற வேண்டும்; இல்லாவிட்டால் பியூன்கள் மூட்டை தூக்குவதுபோலத் தூக்கிப்போய் மேலே இறக்குவார்கள். இனி யாரும் ஏறுவதில்லை, யாரையும் தூக்கவும் விடுவதில்லை, அதிகாரி கீழே இறங்கி வரட்டும் என்று சங்கம் முடிவுசெய்தது.

சங்கம் கூடுவது ஒரு லேத் பட்டறைக்குப் பின்னால் இருந்த வாடகை அறையில். ஆண்களுக்கு ஒரு பாய், பெண்களுக்கு ஒரு பாய். வேலன் என்ற பெயரில் அங்கே வந்தவள் விளம்பரப் பலகை எழுதுகிற பெயிண்டர். ஊருக்கு வெளியே காலனியில் வீடு. இடது கால் சூம்பியிருந்ததால் முழங்காலில் கை ஊன்றித்தான் நடப்பாள். நாலைந்து கூட்டங்களுக்கு ஆண்கள் பாயின் ஓரத்தில் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் பெண்கள் பாயைக் காட்டித் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஏனுங்கம்மணி, நான் அந்தப் பக்கம் உக்காந்துக்கட்டுங்களா?"

முத்தாத்தாளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் நகர்ந்து இடம் விட்டாள்.

"வா அம்மணி. என்னைய அக்கான்னே கூப்புடு."

அம்மணி என்பது காலனி ஆட்கள் கவுண்டர் வீட்டுப் பெண்களை அழைக்கிற அழைப்பு. அதைத் தன்னைப் பார்த்து ஒருத்தி சொன்னதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து அந்த அறைக்குள் அவள் வேணி. முணுமுணுத்த ஆண்களை முத்தாத்தாள் ஒரே போடாகப் போட்டாள்: "நம்ம காலைப் பாத்துச் சிரிச்சவனை நாம என்னென்ன வெய்தோம்? அதையெல்லாம் இப்ப உங்களை நான் வெய்யோணுமா?"

இவ்வளவு பேசியவள் வேணியை ஒருநாளும் தன் வீட்டுக்கு அழைத்ததில்லை. அம்மா வாசலோடு நிறுத்திவிடுவாள் என்று தெரியும். முதலில் பாஸ் கிடைக்கட்டும், மற்றதெல்லாம் அப்புறம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

போராட்டத்துக்கு வேணி எழுதிய பேனரைப் பார்த்து எல்லோரும் வாயடைத்துப்போனார்கள். நீளமான மாடிப்படி, அதில் சங்கத்து ஆட்கள் தவழ்ந்து ஏறுகிறார்கள். ஒவ்வொரு முகத்தையும் பெயர் சொல்லிக் கூப்பிடலாம்போல அப்படியே வரைந்திருந்தாள். பெண்களின் நடுவே சிவப்புச் சேலை கட்டி அவளும் இருந்தாள். அதைப் பார்த்த முத்தாத்தாள்தான் தன் சிவப்புச் சேலையைக் கொண்டுவந்து, "நாளைக்கு நீ இப்படித்தான் வரோணும்" என்றாள். காலையில் சங்க அறையில் வைத்துக் கட்டிவிட்டதும் அவளே. வேணி சேலை கட்டித் தெருவில் இறங்கியது அதுதான் முதல் தடவை.

உச்சி வெயில்வரை படிக்கட்டின் கீழே உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் அதிகாரி இறங்கி வந்தார். பத்திரிகைக்காரர் ஒருவர் கேமராவோடு நின்றிருந்ததால், முகத்தில் சிரிப்பையும் வரவழைத்துக்கொண்டு வந்தார். ஆபீஸைக் கீழே மாற்றிவிடலாம் என்றார். பேனரைப் பார்த்தார், வேணியைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

"இது யாரும்மா? இந்த மாதிரி ஆளுகளையும் சங்கத்துல வெச்சிருக்கீங்களா? பேப்பர்ல படம் வரப்போகுது, பாத்துக்குங்க."

கைக்கு எட்டியது நழுவிவிடுமோ என்ற பயம். படத்தைப் பார்த்து வீட்டில் என்ன சொல்வார்களோ என்ற பயம். இரண்டும் சேர்ந்து முத்தாத்தாளின் வாயைத் திறந்தன.

"அது பேனர் எழுத வந்த தம்பிங்க. சங்கத்து ஆளில்லீங்க."

வேணி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தாள். முழங்காலில் கை ஊன்றி எழுந்து, கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டாள். கேமராக்காரர் எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொன்னபோது, முத்தாத்தாள் கட்டையை ஊன்றிப் பேனரில் இருந்த சிவப்புச் சேலைக்காரியை மறைத்து நின்றாள். யாரும் சொல்லாமலே செய்தாள்.

ஆபீஸ் கீழே வந்தது. பாஸ் கிடைத்தது. ஊரே அவளை மெச்சியது, அண்ணன்கூடப் பேப்பரை வெட்டிவைத்தான். அவளுக்கோ பஸ்ஸில் பாஸை நீட்டும்போதெல்லாம் உடம்பு கூசியது. வேணி அதன்பின் சங்கத்துப் பக்கமே வரவில்லை. பெண்கள் பாயில் அவள் உட்காரும் இடத்தைப் பார்க்காமலிருக்க முத்தாத்தாள் சுவரைப் பார்த்துக்கொண்டு கூட்டம் நடத்தினாள்.

வேணி மதுக்கரையில் சுவர் விளம்பரம் எழுதுகிறாள் என்று கேள்விப்பட்டதும் முத்தாத்தாள் கிளம்பிவிட்டாள். வழியெல்லாம் ஒரே யோசனை. நாலு பேர் முன்னால் மறுத்ததை நாலு பேர் முன்னால்தான் திருத்த வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் சுவர் தெரிந்தது. நாலைந்து பெயிண்டர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களோடு லுங்கியும் சட்டையுமாக, தலைமுடி தெரியாமல் துண்டைச் சுற்றிக்கொண்டு வேணி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். முத்தாத்தாள் ரோட்டிலிருந்தே தொண்டை கிழியக் கூப்பிட்டாள்.

"அம்மணி! வேணி!"

எல்லோரும் திரும்பினார்கள். கான்ட்ராக்டர் கோவிந்தராஜுலு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"ஏன்டா வேலா, நீ அம்மணியாமா?"

வேணியின் கையில் பிரஷ் அப்படியே நின்றது. அதைக் கீழே வைத்துவிட்டு முழங்காலில் கை ஊன்றி ரோட்டோரம் வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"மன்னிச்சுப்போடு அம்மணி. அன்னைக்கு நான்…"

"மெதுவாப் பேசுங்கக்கா."

"இல்ல, எல்லாத்து முன்னாடியும் சொல்லோணும்னுதான் வந்தேன்."

"அங்க சொல்லியிருக்கோணுங்க. இங்க நான் வேலன்தானுங்க. வேலன்னாத்தான் எனக்கு இங்க வேலை. அந்த ஒரு எடத்துலதானுங்க நான் வேணியா இருந்தேன்."

முத்தாத்தாளுக்குத் தான் செய்திருப்பது அப்போதுதான் உறைத்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சுவர்ப் பக்கமிருந்து ஒருவன் விசிலடித்தான். இன்னொருவன் குரலைப் பெண்குரலாக்கி, "அம்மணீ, பெயிண்ட் காயுது வா" என்றான். வேணி திரும்பி அவர்களை நோக்கி நடந்தாள். பஸ் வரும்வரை முத்தாத்தாள் ரோட்டோரத்திலேயே நின்றாள். அதுவரை அவர்கள் மாற்றி மாற்றி அம்மணி, அம்மணி என்று கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.