ஓர்ப்படியின் ரத்தம்

எனக்கு இடது பாதத்தைத் தூக்க வரவில்லை. நடக்கும்போதே செருப்பு கழன்று விழுந்தது. அதே சமயத்தில் கொழுந்தனின் மனைவிக்கு, என் ஓர்ப்படிக்கு, வலது கை மரத்துப்போனது. தசைக்குள் ஊசி வைத்துப் பார்க்கும் பரிசோதனைக்காக இருவரும் திண்டிவனத்தில் பஸ் ஏறி விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அவளை முதலில் கூப்பிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் புடவையை உதறிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். “எறும்பு கடிச்ச மாதிரிதான்க்கா. பயந்துக்கினு இருக்காதீங்க” என்றாள்.

பயத்தைவிட எனக்கு எரிச்சல்தான் அதிகம். என் இதயத்தில் செயற்கை வால்வு. ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை. காய் நறுக்கும்போது கத்தி பட்டால் அவள் விரலை வாயில் வைத்துவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுப்பாள். நான் துணியைச் சுற்றி அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவளுடைய நகை, புடவை எதன்மீதும் எனக்கு ஆசை வந்ததில்லை. சட்டென்று உறையும் அந்த ரத்தத்தின்மீது வந்தது.

மாத்திரை விஷயத்தைக் கேட்டதும் டாக்டரம்மா என்னை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை ஓர்ப்படி பன் தின்றுகொண்டு போனில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ரத்தம் உறையும் அளவு சரியாக இருந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டு வந்திருக்க வேண்டுமோ என்று கேட்டேன்.

“நிறுத்தவே கூடாதும்மா. வால்வுல ரத்தம் கட்டிக்கினா அதுதான் ஆபத்து. ஊசி வெச்ச எடத்த நான் அழுத்திப் புடிச்சிக்கிறேன்.”

சொன்னபடியே செய்தார். மேலாக இருக்கும் தசையில் மெல்லிய ஊசியை வைத்தார். மிஷின் படபடவென்று இரைந்தது. எடுத்ததும் பஞ்சை வைத்து வெகுநேரம் அழுத்தினார். வீக்கமில்லை என்று பார்த்த பிறகே அடுத்த இடம். முதுகின் ஆழத்தில் குத்தத் தேவையில்லை, பதில் கிடைத்துவிட்டது என்றார். மணிக்கணக்காகக் குந்தி மல்லாட்டைச் செடியில் கடலை ஆய்ந்ததில் முழங்கால் பக்கத்து நரம்பு நசுங்கியிருக்கிறது. இனிமேல் குந்தாதே, தானாகச் சரியாகும் என்றார்.

திரும்பும் பஸ்ஸில் பார்த்தால் என் காலில் ஒரு புள்ளிகூட இல்லை. அவள் முன்கையில் ஊசி வைத்த இடத்தில் நீலம் பூத்திருந்தது. யாருக்கும் வரக்கூடியதுதான் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். ஆனால் வீட்டில் அதை யார் கேட்டார்கள்? மாமியார் அவளுக்குச் சோறு பிசைந்து கொடுத்தார். கொழுந்தன் ஐஸ்கட்டி வாங்க ஓடினான். என் கணவர் என் காலைப் பார்த்துவிட்டு, “உனக்கு ஒண்ணும் ஆவல இல்ல?” என்றார், அவ்வளவுதான்.

பாதம் சில மாதங்களில் மெல்லத் தூக்க வந்தது. அவள் கையின் நீலம் அதற்கு வெகுமுன்பே மஞ்சளாகி மறைந்தது. அது மறையும்வரை பாத்திரம் தேய்த்தது நான்தான்.