ஐஸ்லாந்துக்கு வச்ச பரஸ்தானம்

இன்னைக்குக் காரைக்குடி டிராவல்ஸ் ஆபீஸ் கவுன்டர்ல...

மகன், மருமக, பேரப்பிள்ளைக ரெண்டு பேரு. நாலு பேருக்கும் ஐஸ்லாந்து டூர் புக் பண்ணப் போனோம். "ஏசி இருக்கும், சும்மா வாங்கம்மா"ன்னு என்னையும் கூட்டிட்டுப் போனான் மகன்.

கவுன்டர் பொண்ணு என்னையப் பார்த்துட்டு, "அம்மாவும் வர்றாங்களா சார்?"ன்னு கேட்டுச்சு.

"இல்லங்க, அம்மாவுக்குக் குளிர் ஒத்துக்காது."

எனக்குக் குளிர் ஒத்துக்காதாம்! (எனக்கே இப்பத்தான் தெரியும்!)

பொறந்ததுல இருந்து இந்த வெயில விட்டு நகராதவ நான். குளிர் ஒத்துக்குமா ஒத்துக்காதான்னு யாரு சோதிச்சுப் பார்த்தா?

இத்தனைக்கும் எங்க வீட்டுல ஐஸ்லாந்துக்கு மொதல்ல பெட்டி கட்டுனது நான்தான்!

அது எழுபதுகள்ல. காலேஜ் முடிச்சுட்டு வீட்டுல இருந்தேன். அண்ணன் ஸ்காட்லாந்துல படிச்சுக்கிட்டு இருந்தாக. லீவுக்கு ஐஸ்லாந்து போகப்போறேன், தங்கச்சியையும் அனுப்புங்கன்னு எழுதுனாக.

எரிமலையும் பனிப்பாறையும் ஒரே ஊர்ல! அட்லஸ்ல அந்த ஊரு இருந்த பக்கம் என் விரல் பட்டுப் பட்டே அழுக்காயிருச்சு.

அப்பச்சி (அப்பாவ நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம்) எப்படியோ சரின்னுட்டாக. "அண்ணன்காரன் கூட இருக்கான்ல, போய்ட்டு வரட்டும்."

மதுரைக்குப் போய் ஸ்வெட்டர் வாங்குனோம். மெரூன் கலர். (அந்தக் கடையில வேற கலர் கிடையாது.)

கடைக்காரரு கேட்டாரு, "கொடைக்கானலுக்கா தாயி?"

"இல்லண்ணே, அதுக்கும் கொஞ்சம் அங்குட்டு."

ஆத்தா ஒரு பக்கம் பருப்புப்பொடி, வத்தல், அப்பளம்னு அடுக்குனாக. "எரிமலைக்குக் கிட்டக்கப் போகாதடி, தாவணி பத்திக்கிரும்"னு தினமும் ஒரு தடவ சொல்லிருவாக.

எல்லாம் தயார். ஆனா டிக்கெட் இருந்த தேதியில நாள் நல்லா இல்ல. நல்ல நாள் ரொம்ப முன்னாடியே வந்துருச்சு.

அதுக்கு எங்க பக்கம் ஒரு வழி உண்டு. பரஸ்தானம்!

நல்ல நாள்ல பெட்டிய மட்டும் எடுத்துட்டுப் போய் வேற ஒருத்தர் வீட்டுல வச்சிரணும். அப்பவே நாம கிளம்புனதாக் கணக்கு. அப்புறம் என்னைக்கு வேணும்னாலும் அங்கருந்து பெட்டிய எடுத்துக்கிட்டுப் போகலாம். ஒரே ஒரு கண்டிஷன், வச்ச பெட்டி திரும்ப வீட்டுக்குள்ள வரக்கூடாது.

எதிர்வீட்டு சாலாச்சி வீட்டுல வச்சோம். ஆத்தா சூடம் காட்டிட்டுச் சொன்னாக, "பெட்டி கிளம்பிருச்சு. இனி நீயும் கிளம்புன மாதிரித்தான்."

நான் நம்புனேங்க! இனி யாராலயும் தடுக்க முடியாதுன்னு நெனச்சேன். தினமும் எதிர்வீட்டுக்குப் போய் அந்தப் பெட்டிய ஒரு தட்டு தட்டிட்டு வருவேன்.

அந்த நேரம் பார்த்து ஒக்கூர்க்காரவுக பிள்ளையார்பட்டிக்குக் கும்பிட வந்தாக. வந்தவுக அப்படியே எங்க வீட்டுக்கும் வந்தாக. பொண்ணு கேட்டு!

"பிள்ளை எங்கயோ சீமைக்குப் போறதாப் பேசிக்கிறாகளே?"ன்னு மாப்பிள்ளையோட அம்மா கேட்டாக.

அப்பச்சி சிரிச்சாக. "அட, அது பிள்ளைக வெளையாட்டுக்குப் பேசிக்கிட்டது."

வெளையாட்டா! பாஸ்போர்ட் போட்டோவுல கண்ண முழிச்சுக்கிட்டு இருக்கேனே, அதுவும் வெளையாட்டா?

அவுக போனதும் கேட்டேன். "அப்பச்சி, பரஸ்தானம் வச்சாச்சே! பெட்டி திரும்பி வரக்கூடாதே!"

"யாருத்தா திரும்பி வரச் சொன்னா? அது அங்குட்டே இருக்கட்டும். கல்யாணம் முடிஞ்சு ஒக்கூருக்குப் போறப்ப அங்கருந்தே கார்ல ஏத்திக்கிருவோம்."

ஆத்தா முகத்தப் பார்த்தேன். நீங்களாவது சொல்லுங்களேன்னு.

"பெட்டி போகணும்னுதான்டி சாஸ்திரம். எந்த ஊருக்குன்னு சாஸ்திரத்துல இல்ல."

நான் அழுதேன். புருஷன் வீட்டுக்குப் போற பொண்ணு அழுதா என்ன, அதுவும் வழக்கந்தானேன்னு விட்டுட்டாக.

முறை துளி மாறல. பெட்டி எதிர்வீட்டுல இருந்து நேரா ஒக்கூருக்குப் போச்சு. என்னைய யாரும் ஏமாத்துனதா சொல்லவே முடியாது, அவ்வளவு சுத்தமா நடந்துச்சு!

ஒக்கூர்ல பெட்டியத் திறந்த மாமியா, "இது என்னத்தா?"ன்னாக.

"ஸ்வெட்டரு அயித்தை."

"இந்த வேக்காட்டுலயா!"

ஆனா வீணாக்கல. மார்கழியில தயிர் உறையலன்னா பானைக்கு அதச் சுத்தி வைப்பாக. கெட்டித் தயிர்! (ஐஸ்லாந்து போக வேண்டிய ஸ்வெட்டருக்கு அடுப்படியில உத்தியோகம்.)

அண்ணன் தனியாப் போய்ட்டு வந்து ஒரு போட்டோ அனுப்புனாக. பனிப்பாறை முன்னாடி நின்னு சிரிக்கிறாக. பக்கத்துல ஒரு ஆளு நிக்கிற அளவுக்கு இடம் காலியாக் கெடந்துச்சு.

வீட்டுக்காரருகிட்ட அந்தப் போட்டோவக் காட்டி, ஒரு தடவ போய்ட்டு வருவோமான்னு கேட்டேன்.

"ஐஸ்கட்டியப் பார்க்க அம்புட்டுத் தூரமா? கடையில வாங்கித் தர்றேன்."

அதுக்கப்புறம் நான் யாருகிட்டயும் கேட்கல. போன வருஷம் அவரு போய்ச் சேர்ற வரைக்கும் கேட்கல.

இன்னைக்கு டிராவல்ஸ்ல இருந்து திரும்பி வர்றப்ப கார்ல மகன் சொல்றான்...

"அம்மா, டிக்கெட் தேதியில நாள் சரியில்லையாம். முன்னாடியே ஒரு நல்ல நாளாப் பார்த்துச் சொல்லுங்க. பெட்டிய யாரு வீட்டுல வைக்கலாம்?"

"யாரு வீட்டுலயும் வைக்காதீகப்பா. போய் இறங்குற வரைக்கும் கையில புடிச்சுக்கங்க."

அவனுக்கு ஒண்ணும் புரியல. "ஏம்மா, உங்களுக்குத்தான் இதுல ரொம்ப நம்பிக்கையாச்சே?"ன்னான்.

நம்பிக்கைதான்ப்பா. பெட்டி போய்ரும்.

ஃப்ரெண்ட்ஸ், ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன். உங்க வீட்டுலயும் குளிர் ஒத்துக்காத அம்மா ஒருத்தவுக இருப்பாகளே, அவுககிட்ட ஒரு தடவையாவது கேட்டுப் பார்த்தீகளா?