அண்ணையின் முகத்தோடு நடித்தவர்

அந்த நடிகரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினாலும் உங்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. அமெரிக்காக்காரர், குணச்சித்திர நடிகர். கதாநாயகன் துப்பாக்கியோடு வரும்போது கதவைத் திறந்து, இரண்டு வசனம் பேசி, பெரும்பாலும் சுடப்பட்டுச் செத்துப்போகிறவர். மாநிறம் என்பதால் படங்களில் அவருக்குச் சொந்த நாடு கிடையாது. ஒன்றில் மெக்சிக்கோ விவசாயி, இன்னொன்றில் அரபு வியாபாரி, தொலைக்காட்சித் தொடரில் நியூயோர்க் டாக்சிக்காரர்.

டென்மார்க்கில், சில்க்போர்க் நகரத்து எங்கள் வீட்டில் அவர் என் அண்ணையாக இருந்தார்.

முதலில் கண்டுபிடித்தது அம்மாதான். வயோதிபர் இல்லத்தில் காலை வேலை முடித்து நான் களைத்து வந்த ஒரு பின்னேரம், "இஞ்ச வா, கொண்ணையைப் பார்," என்று தொலைக்காட்சியைக் காட்டினார். சிரிக்கத்தான் நினைத்தேன், சிரிப்பு வரவில்லை. பேசுவதற்கு முன் தலையைச் சரித்துப் பார்ப்பது, ஒரு புருவம் மட்டும் மேலே எழுவது, எல்லாம் வன்னியில் இருந்த அண்ணையேதான்.

அம்மாவை நான் டென்மார்க்குக்குக் கூப்பிட்டபோது, கிளிநொச்சியில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடையை விட்டு வரமாட்டேன் என்று அண்ணை நின்றுவிட்டார். எங்களிடம் இருந்தது அரும்பு மீசையோடு அடையாள அட்டைக்கு எடுத்த ஒரே படம். அண்ணைக்கு வயது போவதை நாங்கள் அந்த நடிகரில்தான் பார்த்தோம். அதுவும் ஒழுங்காக இல்லை. பழைய படங்களை மாறி மாறிப் போடுவார்கள். மதியம் ஒரு சனலில் இளந்தாரியாக நிற்பார், பின்னேரம் இன்னொன்றில் தலை நரைத்திருப்பார். திங்கட்கிழமை செத்தவர் செவ்வாய்க்கிழமை எழும்பி வந்து கோப்பி குடிப்பார். அம்மாவுக்கு ஆங்கிலமும் தெரியாது, கீழே ஓடும் டேனிஷ் எழுத்தும் தெரியாது. கதை அவருக்குத் தேவைப்படவுமில்லை. மகன் வருகிறான், போகிறான், அவ்வளவுதான்.

தை மாதத்தோடு அண்ணையின் தொலைபேசி நின்றுபோனது. வன்னியில் ஒவ்வொரு ஊராக இராணுவத்திடம் விழுந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு அம்மாவுக்கு இது விளையாட்டாக இல்லை. படத்தில் நடிகர் சாகும் ஒவ்வொரு முறையும் உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து, நாவூறு கழிப்பதற்குப் பிள்ளையைச் சுற்றுவதுபோல் தொலைக்காட்சியைச் சுற்றி, மின்னடுப்பில் காய்ந்த சட்டியில் போடுவார். புகை அலாரம் கத்தும். நாங்கள் கண் சிவக்க இருமுவோம். நான் வாய்க்கு வந்தபடி ஏசுவேன்.

ஒரு நாள் மிளகாய் கருகியது, அலாரமும் அடித்தது, ஆனால் நெடி ஏறவில்லை. நெடி ஏறாவிட்டால் நாவூறு பிடித்திருக்கிறது என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். அம்மாவும் நானும் அந்தப் புகைக்குள் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எனக்குப் பயம் பிடித்தது அன்றுதான். வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தபடி, இன்றைக்கு அவரைச் சாகடிக்காத படமாகப் போடவேண்டும் என்று கடவுளைக் கும்பிடத் தொடங்கினேன். எனக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் விடவில்லை.

இதற்குள் என் மகள் இணையத்தில் தேடிப்பார்த்துவிட்டு, அந்த நடிகர் இறந்து கன காலம் என்று டேனிஷில் சொன்னாள். அம்மம்மாவிடம் வாய் திறக்காதே என்று அவளை மிரட்டினேன். செத்துப்போன ஒருவர்தான் பின்னேரங்களில் எங்கள் வீட்டுக்கு வந்துபோகிறார்.

வைகாசியில் போர் முடிந்துவிட்டதாகச் செய்தி வந்தது. எங்கள் சனம் பஸ் பிடித்துக் கோபன்ஹேகனுக்கு ஊர்வலம் போனது. அம்மா அசையவில்லை, அவரை விட்டுவிட்டு நானும் போகவில்லை. வெளியே பீச் மரங்கள் தளிர்த்திருந்தன, அப்படி ஒரு நல்ல வெயில். அந்த வெயில்மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. திரையில் நடிகர் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். நடிக்கிறவர்கள் கமெராவைப் பார்ப்பதில்லை. அவர் மெல்லக் கண்ணைத் திறந்து நேரே எங்களைப் பார்த்தார். காட்சி மாறிய பிறகும் யாரோ பார்த்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

"அவன் இருக்கிறான்," என்றார் அம்மா. "என்னைத்தான் பாத்தவன்."

அம்மா சொன்னது சரி. அண்ணை இருந்தார். முட்கம்பி முகாமுக்குள் கிடந்து, அங்கே இருப்பதாக ஆள்மூலம் தகவல் அனுப்பி, அடுத்த வருடம் வெளியே வந்து, வவுனியாவில் ஒரு நெட் கடையில் இருந்து ஸ்கைப்பில் வந்தார். மகள் கணினியைச் சரிசெய்து தந்தாள். திரையில் ஒடுங்கிப்போன ஒரு மனிதர் தெரிந்தார். தலைமயிர் இல்லை, முன்பற்கள் இல்லை. புருவங்களை நெருப்பு தின்றிருந்தது. ஷெல் துண்டு பட்ட தொண்டையிலிருந்து குரல் வெறும் காற்றாக வந்தது.

"நகம் கடிக்கிறதை விட்டிட்டியோ?" என்று அவர் கேட்டிராவிட்டால் நானும் நம்பியிருக்கமாட்டேன். அழுதுகொண்டே அம்மாவைக் கூட்டிவந்து கணினிக்கு முன்னால் இருத்தினேன்.

"அம்மா, நான்தான்," என்றார் அண்ணை.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப்போய்ப் பார்த்தார். அவருடைய மகனுக்குத் தடித்த நரைமுடியும் நிறைந்த கன்னங்களும் இருந்தன. இத்தனை வருடமாக அவர் கண்முன்னே முதிர்ந்த பிள்ளை அது. வெளியாள் ஒருவருக்கு முன் இருப்பதுபோலச் சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தார்.

"தம்பி, நீங்களும் முகாமுக்குள்ளதான் இருந்தனீங்களோ?"

நான் குறுக்கிடப் போனேன். அண்ணை கையை உயர்த்தி என்னைத் தடுத்தார்.

"ஓம் அம்மா."

"என்ர மகனைக் கண்டனீங்களோ அங்க?"

"கண்டனான்."

"சாப்பிடுறானோ?"

"சாப்பிடுறார்."

அம்மாவின் முகம் மலர்ந்தது. "அப்ப அவனை ஒருக்கால் என்னோட கதைக்கச் சொல்லுங்கோ, தம்பி."

"சொல்லுறன் அம்மா," என்றார் அண்ணை.