மூணு வருஷத்துக்கு எதுக்குத் தென்னை?

1957இல் பக்தவத்சலம் அந்தமானின் மாயாபந்தர் ஜெட்டியில் வந்து இறங்கியபோது அவர் கையில் டிரங்குப் பெட்டி இருந்தது, பின்னால் புது மனைவி இந்திராணி இருந்தாள், சட்டைப் பைக்குள் ஒரு நீல நோட்டு இருந்தது. அந்த நோட்டுக்குள் அடுத்த முப்பது வருட வாழ்க்கை முழுக்க அடங்கியிருந்தது. நாட்டுக்கே ஐந்தைந்து வருடமாகத் திட்டம் போடுகிறார்கள், ஒரு கிளார்க் தன் வீட்டுக்குப் போட்டால் என்ன குறைந்துவிடும் என்பது அவர் கட்சி. முதல் வரி, அந்தமானில் மூன்று வருடம். அப்புறம் சென்னைக்கு மாற்றல், ஹெட் கிளார்க் பதவி, தாம்பரத்தில் மாடி வீடு, பென்ஷன், காசி யாத்திரை. சாவு ஒன்றுதான் விட்டுப்போயிருந்தது. அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பார், கூச்சம் தடுத்திருக்கும்.

குவார்ட்டர்ஸுக்குக் குடிபோன வாரமே இந்திராணி ஐந்து தென்னங்கன்றுகளோடு வந்து நின்றாள். வேலிக்கு அந்தப் பக்கம் நிலம் வைத்திருந்த தூத்துக்குடிக்காரர் அடைக்கலசாமி கொடுத்தவை.

"தென்னை காய்க்க ஏழு வருஷம் ஆகும். நாம இருக்கப்போறது மூணு வருஷம். மூணு வருஷத்துக்கு எதுக்குத் தென்னை?" என்றார் பக்தவத்சலம்.

"பனை வச்சவன் பாத்துட்டுச் சாவான், தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான்னு சொல்லுவாக. நட்டு வையிங்க சார்" என்றார் அடைக்கலசாமி, வேலிக்கு மேலே தலையை நீட்டி.

"தின்னப்போறவன் வேற ஆளு. நான் மெட்ராஸ்ல இருப்பேன்."

இந்திராணி கன்றுகளை எடுத்துக்கொண்டு போனாள்.

மூன்று வருடம் முடிந்தது. மாற்றல் வரவில்லை, அலமுதான் வந்தாள். பிள்ளை நோட்டில் 'சென்னை போன பிறகு' என்ற இடத்தில் இருந்தது. பாவம், அவள் நோட்டைப் படிக்காமலே பிறந்துவிட்டாள். பக்தவத்சலம் அசரவில்லை. மூன்று என்றிருந்ததை அடித்து ஆறு என்று எழுதினார், பிறகு ஒன்பது, பிறகு பன்னிரண்டு. ஊரைச் சுற்றித் தேக்கை மிஞ்சும் படாக் மரம் மலைமலையாய்க் கிடக்க, இந்த மனிதர் வீட்டில் ஒரு கட்டில் கிடையாது. போகும்போது கட்டிலைத் தூக்கிச் சுமப்பது யார்? பாயில் படுத்தார்கள், கப்பலில் வந்த சரக்குப் பெட்டியில் உட்கார்ந்தார்கள். அலமு வங்காளிப் பிள்ளைகளோடு இந்தியில் சண்டை போட்டாள், இந்திராணி மீன்காரியிடம் இந்தியில் பேரம் பேசினாள். மூன்று வருடத்துக்கு எதற்கு இந்தி என்று அவர் மட்டும் ஊமையாய்ச் சந்தைக்குப் போய்வந்தார். தேங்காய்க்கு மட்டும் பஞ்சமில்லை, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வந்துகொண்டே இருந்தது. அடைக்கலசாமிக்குத் தாம் மனு எழுதிக் கொடுப்பதற்கான நன்றி என்று எண்ணிக்கொண்டு பக்தவத்சலம் மூன்று தரம் சட்னி போட்டுக்கொண்டார்.

பதினைந்தாவது வருடம் மாற்றல் உத்தரவு நிஜமாகவே வந்துவிட்டது. மனிதர் தரையில் நடக்கவில்லை.

"கட்டு மூட்டையை. வெள்ளிக்கிழமை போட்" என்றார்.

"அவுத்தாத்தானே கட்டுறதுக்கு? பதினஞ்சு வருஷமா மூட்டை அப்படியேதான் இருக்கு. எடுத்துக்கிட்டு நீங்க போங்க. நான் வரலை."

"ஏன்?"

இந்திராணி அவரை வேலியோரம் அழைத்துப்போனாள். அடைக்கலசாமி நிலத்தின் ஓரத்தில் ஐந்து தென்னைகள் குலை தள்ளி நின்றன. "நீங்க வேண்டாம்னு சொன்ன கன்னுதான். அண்ணன் இடம் குடுத்தாரு, நான் நட்டேன். எட்டு வருஷமா நீங்க சாப்பிட்ட சட்னி பூரா இதுலதான்."

பக்தவத்சலம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அடைக்கலசாமியைப் பார்த்தார்.

"பொம்பளை கேட்டாக, குடுத்தேன். நீங்கதான் மூணு வருஷத்துல போறதாச் சொன்னீக" என்றார் அவர்.

பக்தவத்சலம் கடைசி அஸ்திரமாக நோட்டை எடுத்து நீட்டினார். "இதெல்லாம் யாருக்காகப் போட்டேன்? உனக்காகத்தானே?"

"அப்ப என் பேரு எங்க இருக்கு, காட்டுங்க."

புரட்டினார். பதவி உயர்வில் இல்லை. தாம்பரம் வீட்டில் இல்லை. காசிக்குக்கூட டிக்கெட் ஒன்று என்றுதான் இருந்தது. கடைசிப் பக்கத்தில், ஊர் திரும்பும் நாளுக்கான பட்டியலில் அகப்பட்டது. 'டிரங்குப் பெட்டி 2, படுக்கை 1, குத்துவிளக்கு 1, இந்திராணி.' அவள் அதைப் படித்தாள். திட்டியிருந்தால் தேவலை. நோட்டை மூடி அவர் கையிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அவருக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

வெள்ளிக்கிழமை போட் ஊதிவிட்டுப் போனது. பக்தவத்சலம் போகவில்லை. மாற்றலை ரத்து செய்யக் கேட்டு அவர் எழுதிய மனுவைப் பார்த்து ஆபீஸே சிரித்தது.

ஆனாலும் பழக்கம் விடுமா? சாயங்காலம் புது நோட்டு ஒன்றோடு சரக்குப் பெட்டியில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னொரு திட்டமா?" என்றாள் இந்திராணி.

"நீ சொல்லு, நான் எழுதுறேன்."

அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"கட்டில்னு எழுதுங்க."